யாரையும் நம்பாத ஸயா

புதுப் பந்து கைக்கு வந்தால் ஸயா அதை உதைத்துப் பார்க்க மாட்டார். காதோரம் வைத்து, இரண்டு கட்டைவிரலாலும் அமுக்கி, காற்று எங்கேயாவது முனகுகிறதா என்று கேட்பார். பிறகு தரையில் வைத்து மெதுவாக உருட்டுவார். பந்து கோணிக்கொண்டு போனால் பேசாமல் இருப்பார். நேராகப் போனால்தான் அவர் முகம் சுருங்கும்.

"நேராப் போவுது. சரி. ஆனா ஏன்?" என்பார்.

பர்மியில் ஸயா என்றால் வாத்தியார். யாங்கோனில் நான் படித்த கல்லூரியின் கால்பந்து அணிக்கு இரண்டு வருஷம் பயிற்சி கொடுத்தவர் அவர். பெயர் இல்லாமல் இல்லை. ஆனால் நாங்கள் யாரும் அவருக்கு முன்னாலும் சரி, பின்னாலும் சரி, அந்தப் பெயரைச் சொன்னது கிடையாது. இங்கேயும் ஸயாவாகவே இருக்கட்டும்.

குட்டையான ஆள். மழை இல்லாத மாதத்திலும் கையில் கறுப்புக் குடை இருக்கும். பர்மியக் கைலியான லோஞ்சியை முழங்காலுக்கு மேல் மடித்துச் செருகிக்கொண்டு, ஆட்டத்துக்கு முந்தின நாளே போய் எதிரணியின் மைதானத்தை வெறுங்காலால் நடந்து பார்ப்பார். எங்கே பள்ளம், எங்கே சேறு, எங்கே புல்லை வேண்டுமென்றே வெட்டாமல் விட்டிருக்கிறார்கள் என்று அவர் காலுக்குத் தெரிந்துவிடும். அடுத்தவர் ஊரில் ஆடப் போனால் தண்ணீர்ப் பானை எங்கள் பஸ்ஸிலேயே வரும். அவர்கள் கொடுக்கும் தேநீரைத் தொடக்கூடாது. யாராவது, "முழங்கால் சரியாயிடுச்சு ஸயா" என்று சொன்னால், அவனை வலி இருந்த காலில் மட்டும் நிற்கச் சொல்லிவிட்டு, அவன் வீட்டுக் கதையெல்லாம் நிதானமாக விசாரிப்பார். தங்கச்சிக்குக் கல்யாணம் ஆச்சா, அப்பா இப்போது எந்த வேலைக்குப் போகிறார் என்று கேட்டுக்கொண்டே அவன் காலைப் பார்த்துக்கொண்டிருப்பார். கதை முடிவதற்குள் கால் நடுங்கினால் அந்த வாரம் அவனுக்கு ஆட்டம் இல்லை.

ஆடப்போகும் பதினொரு பேர் யார் என்பதை மைதானத்தில் இறங்கும்வரை சொல்ல மாட்டார். தீப்பெட்டி அட்டையின் உள்பக்கத்தில் எழுதி, சட்டைப் பையில் வைத்திருப்பார். படித்துக் காட்டியதும் அந்த அட்டையைக் கிழித்துவிடுவார்.

எங்களுக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது, ஒரு நாள் அவர் சந்தேகம் பலிக்கும்வரை. ஒரு கல்லூரி மைதானத்தில் இரண்டு கோல் கம்பங்களையும் குடையால் அளந்தவர், ஒரு பக்கத்துக் குறுக்குக் கம்பம் மற்றதைவிட ஒரு சாண் தாழ்ந்திருப்பதைக் கண்டுபிடித்தார். கீழே மண் கொட்டி மேடாக்கியிருந்தார்கள். ஸயா யாரிடமும் புகார் சொல்லவில்லை. காற்று எந்தப் பக்கம் எப்போது திரும்பும் என்று கணக்குப் போட்டு, பூவா தலையாவில் ஜெயித்தால் எந்தப் பக்கம் கேட்க வேண்டும் என்று எங்கள் தலைவனிடம் மட்டும் சொன்னார். ஒரு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தோம். பஸ்ஸில் திரும்பும்போது எல்லாரும் பாடினார்கள். ஸயா மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்து பின்னால் வரும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு நாள்தான் அவரைக் கெடுத்தது என்று இப்போது நினைக்கிறேன். அதற்குப் பிறகு எதையும் சும்மா விட அவரால் முடியவில்லை.

அவர் அப்படி ஆனதற்குக் காலமும் ஒரு காரணம். ஐந்து பேர் சேர்ந்து நின்றால் ஏன் நிற்கிறீர்கள் என்று ராணுவம் கேட்கும் காலம் அது. ஆடுகிறவன் பெயர், அப்பா பெயர், விலாசம் எல்லாம் மூன்று பிரதி எழுதி அலுவலகத்தில் கொடுத்தால்தான் மைதானம் கிடைக்கும். வாரத்தில் இரண்டு மாலை, இரண்டு பந்து. அதிலும் ஒன்று ஒட்டுப் போட்டது. கல்லூரி எந்த வாரம் திறந்திருக்கும், எந்த வாரம் பூட்டிவிடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. மழை மாதங்களில் மைதானம் குளமாகிவிடும். பயிற்சி முடிந்ததும் எங்களை ஒன்றாக வெளியே போக விட மாட்டார் ஸயா. இரண்டிரண்டு பேராக, வேறு வேறு வாசல் வழியாக அனுப்புவார். மறுநாள், "எந்த வழியாப் போனே? யாரைப் பார்த்தே?" என்று கேட்பார். அவர் எங்களைப் பற்றி மேலே எழுதிக் கொடுக்கிறார் என்று அணியில் பாதிப் பேர் நம்பினார்கள்.

நானும் கொஞ்சம் நம்பினேன். ஆனால் எனக்கும் அவருக்கும் நடுவில் இன்னொரு விஷயம் இருந்தது. அவர் அப்பா இன்சீன் ரயில் பட்டறையில் வேலை பார்த்த தமிழர், அம்மா பர்மியப் பெண். பேச்செல்லாம் பர்மியில்தான். ஆனால் அப்பாவிடமிருந்து வந்த பழைய தமிழ் ஒன்று அவரிடம் இருந்தது. அணியில் நான் ஒருவன்தான் தமிழ்ப் பையன். மற்றவர்களுக்குத் தெரியக்கூடாத எதையும் என்னிடம் தமிழில் சொல்வார்.

"தம்பி, அந்தச் செவத்த பய எடது காலாலதான் அடிப்பான். ஒன்னோட இருக்கட்டும்" என்பார். அப்போது பக்கத்தில் நிற்பவர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள்.

அவர் கல்லூரியை விட்டுப் போய் எத்தனையோ வருஷம் கழித்து, போன மழைக்காலத்தில், கல்லூரியின் பழைய ஆட்டக்காரர்கள் ஏழெட்டுப் பேர் யாங்கோனின் மிங்கலா தாங்ஞுன்ட் பகுதியில் ஒரு டீக்கடையில் கூடினோம். ஒரு நினைவு மலர் போட வேண்டும், அதில் பழைய பயிற்சியாளர் ஒவ்வொருவரைப் பற்றியும் அரைப் பக்கம் எழுத வேண்டும் என்று ஏற்பாடு. எங்கள் அணித் தலைவனாக இருந்தவர் இப்போது டாக்டர். அவர்தான் பேச்சை நடத்தினார். ஒவ்வொரு பயிற்சியாளராகத் தராசில் வைத்தார்கள். ஒருவர் நல்லவர், ஆனால் ஆட்டம் தெரியாது. ஒருவருக்கு ஆட்டம் தெரியும், பையன்களை அடிப்பார். இப்படியே போய் ஸயாவிடம் வந்ததும் எல்லாரும் சிரித்தார்கள்.

"இருக்கிறதிலேயே மோசம் அவர்தான்" என்றார் டாக்டர். பர்மியில்தான் பேசினோம். "கடைசி ஆட்டத்திலே நம்ம ஒன்பதாம் நம்பரை உக்கார வச்சாரே, அது ஒண்ணு போதாதா?"

அந்த ஒன்பதாம் நம்பர் நான்தான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"அவர் ஆட்டத்தை வித்துட்டாரு" என்றான் கோ வின். அவன்தான் எங்கள் கோல்கீப்பர். அன்றிலிருந்து இன்றுவரை எனக்கு இருக்கும் ஒரே நெருங்கிய நண்பன். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் டயர் பஞ்சர் கடை வைத்திருக்கிறான். "எனக்கு நிச்சயமாத் தெரியும். அரையிறுதிக்கு முன்னாலே என் விரல் வீங்கியிருந்தது மூணு பேருக்குத்தான் தெரியும். எனக்கு, இவனுக்கு, அவருக்கு. நான் சொல்லலை. இவன் சொல்ல மாட்டான். மிச்சம் யாரு?"

யாரும் மறுக்கவில்லை. டாக்டர் என் பக்கம் திரும்பி, "உங்க ஆளுதானே, நீயே அந்த அரைப் பக்கத்தை எழுதிடு. மரியாதையா நாலு வரி போதும்" என்றார்.

நான் தலையாட்டினேன். தேநீரில் ஆடை கட்டியிருந்தது. அதை விரலால் ஒதுக்கிக்கொண்டே இருந்தேன்.

என்ன நடந்தது என்பதை இப்போது சொல்லிவிடுகிறேன்.

அந்த வருஷக் கல்லூரிப் போட்டியில், அரையிறுதிக்கு இரண்டு நாள் முன்னால், பயிற்சியில் பந்து பட்டுக் கோ வின்னுக்கு வலது கையில் இரண்டு விரல் வீங்கிவிட்டது. மற்றவர்கள் போன பிறகு ஸயா அவனை மரத்தடிக்குக் கூப்பிட்டு, துணி கிழித்துக் கட்டினார். நானும் நின்றேன். "உயரப் பந்தைப் பிடிக்காதே, தட்டிவிடு" என்று அவனிடம் பர்மியில் சொன்னார். நாலைந்து பந்து எறிந்து பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்: "தம்பி, இவன் எடது கையால தட்டுறான். எல்லாப் பந்தும் பெனல்டி பெட்டிக்கு வலது ஓரத்துலதான் விழுது. அது இவனுக்கே தெரியல. சொன்னா பயந்துருவான். நீ எறங்கி வந்து அந்த எடத்துல நின்னுக்க."

அன்று இரவு சாப்பாட்டுக்கு அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் லத்தா பகுதியில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் வேலை பார்த்தார். கால்பந்து என்றால் உயிர். யார் ஆடுகிறார்கள், யாருக்கு அடி என்று எப்போதும் என்னிடம் கேட்பார். அவரோடு டீக்கடையில் உட்காரும் ஆட்கள் பந்தயம் கட்டுகிறவர்கள் என்று எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தேன். அதற்கு முந்தின மாதம்தான் அவர் எனக்கு அசல் தோல் பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்திருந்தார். அணியில் வேறு யாரிடமும் அப்படி ஒன்று கிடையாது.

"கோலி எப்படி இருக்கான்?" என்று அத்தான் கேட்டார்.

சொன்னேன். விரலைச் சொன்னேன். பந்து விழும் இடத்தையும் சொன்னேன். எவ்வளவு நுணுக்கமான ஆட்டம் எங்களுடையது என்று பெருமையாகக்கூடச் சொன்னேன்.

ஆட்டத்தில் எதிரணி உயரப் பந்தாகவே அனுப்பியது. முதல் பந்தைக் கோ வின் தட்டினான். நான் வலது ஓரத்துக்கு இறங்கி ஓடினேன். அங்கே அவர்களுடைய ஆட்கள் இரண்டு பேர் எனக்கு முன்பே நின்றிருந்தார்கள். பந்து அவர்கள் காலடியில் போய் விழுந்தது. கோல் விழுந்த சத்தம் கேட்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது. இடைவேளைக்குப் பிறகு இன்னும் இரண்டு கோல், அதே இடத்திலிருந்து.

ஸயா கோட்டுக்கு வெளியே குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். ஆட்டம் முடிந்ததும் யாரையும் திட்டவில்லை. என் முகத்தை ஒரு முறை பார்த்தார். கோ வின் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

மூன்றாம் இடத்துக்கான கடைசி ஆட்டத்தில் தீப்பெட்டி அட்டையைப் படித்தபோது என் பெயர் அதில் இல்லை. ஒன்பதாம் நம்பர் சட்டையை ஒரு கொழுத்த பையன் போட்டுக்கொண்டான். பயிற்சிக்கு ஒரு நாளும் ஒழுங்காக வராதவன். ஓடினால் பத்து அடியில் மூச்சு வாங்கும். நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். பூட்ஸில் சேறு படவில்லை. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் ஸயாவைப் பார்த்துக் கூச்சல் போட்டார்கள். தோற்றோம். எங்கள் ஆட்கள் அவரிடம் பேசுவதையே நிறுத்தினார்கள். எனக்காகத்தான் அந்தக் கோபம் எல்லாம். அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, என்னைக் காட்டிக்கொடுக்காமல் தண்டித்துவிட்டார் என்று நான் நினைத்துக்கொண்டேன். மழை தொடங்கியதும் அவரை மாற்றிவிட்டார்கள். சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார்.

அவர் இன்னும் உயிரோடு இன்சீனில் இருக்கிறார் என்பது எனக்குச் சில வருஷமாகத் தெரியும். கோயில் திருவிழாவில் யாரோ சொன்னார்கள். போய்ப் பார்த்ததில்லை. டீக்கடையில் அந்தப் பேச்சு நடந்த மறு வாரம் நகரைச் சுற்றி ஓடும் வட்ட ரயிலில் ஏறினேன். அரைப் பக்கம் எழுதுவதற்கு விவரம் கேட்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். உண்மையில், அவர் இத்தனை வருஷத்தில் யாரிடமாவது சொல்லியிருக்கிறாரா என்று தெரிந்துகொள்ளத்தான் போனேன்.

இன்சீன் ரயில் பட்டறைக்குப் பின்னால் மர வீடு. கதவு ஒரு கை அகலம் திறந்தது. சங்கிலி மாட்டியிருந்தது.

"யாரு அனுப்பினது?" என்று பர்மியில் குரல் வந்தது.

தமிழில் என் பெயரைச் சொன்னேன்.

"பேரு யாரும் சொல்லலாம். அந்தப் பக்கம் நடந்து காட்டு."

ஐம்பது தாண்டிய ஆள், கையில் பழப் பையோடு, அவர் வாசலில் முன்னும் பின்னும் நடந்தேன். எதிர்வீட்டுப் பெண் துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"எடது காலை இன்னும் வெளிய எடுத்து வைக்கிறே" என்றார் ஸயா. சங்கிலி கழன்றது.

ஒரு கண்ணில் பார்வை மங்கியிருந்தது. உடம்பு இன்னும் சின்னதாகிவிட்டது. பழத்தை வாங்கி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தார். மனைவி இறந்துவிட்டார், மகன் வெளிநாட்டில் இருக்கிறான் என்றார். மலரைப் பற்றிச் சொன்னேன்.

"சரி. ஆனா ஏன்? இத்தனை வருசம் கழிச்சு என்னைப் பத்தி எதுக்கு எழுதுறாங்க?"

"எல்லா ஸயாவைப் பத்தியும் எழுதுறாங்க."

"என்னை மோசம்னு சொல்லியிருப்பாங்களே."

நான் காலிப் பையை மடித்தேன். அவர் சிரித்தார். அவர் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன். பிறகு கேட்டேவிட்டேன். "கடைசி ஆட்டத்துல என்னை ஏன் உக்கார வச்சீங்க ஸயா?"

"நானா வச்சேன்?" என்றார். "மேலேர்ந்து ஆளு வந்தான். அந்தக் கொழுத்த பய ஒரு பெரிய ஆளுக்கு மருமவன் மொற. ஆடணுமாம். ஒம்பதாம் நம்பருதான் வேணுமாம். இல்லாட்டி அடுத்த வருசம் மைதானம் இல்ல, டீமும் இல்லன்னுட்டான். அந்த வருசம் புதுச் சட்டை குடுத்தாங்களே, நெனப்பிருக்கா? அப்பவே எனக்குத் தெரியும், எதையோ திருப்பிக் கேப்பாங்கன்னு."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ நாலு பேர்ட்ட சொல்லுவே. அவனுங்க சத்தம் போடுவானுங்க. சத்தம் போட்டவன் யாரு, வீடு எங்கன்னு கேட்டு மேலேர்ந்து எங்கிட்டதான் ஆளு வருவான். லிஸ்ட்டு எங்கிட்டதானே இருக்கு? என்னையத் திட்டிட்டுப் போங்கடான்னு விட்டுட்டேன்."

அப்படியென்றால் அவருக்குத் தெரியாது. தண்டனையே இல்லை. எழுந்து கும்பிட்டுவிட்டுப் போய்விடலாம் என்று தோன்றியது. நிஜமாகவே எழப் போனேன்.

"அந்தக் கோலிப் பய எப்படி இருக்கான்?" என்றார் ஸயா. "வித்தவன்."

"யாரு, கோ வின்னா?"

"வேற யாரு? வெரலு வீங்குனது மூணு பேருக்குத்தான் தெரியும். நான் சொல்லல. நீ நம்ம புள்ள. மிச்சம் அவன்தான். பெறவு ஒரு இலாகா டீமுக்கு அவனை எடுக்கப் பாத்தாங்க. உத்தியோகமும் குடுப்பாங்க. ஆளு எப்படின்னு எனக்குக் காயிதம் வந்துச்சு. நம்பகமான ஆளுன்னு சொல்ல முடியாதுன்னு ஒரே வரி எழுதிட்டேன். வுட்டுருவேனா?"

அந்த இலாகா அணிக்கான தேர்வில் கோ வின் எப்படி ஆடினான் என்று எனக்குத் தெரியும். நான் போயிருந்தேன். ஒரு பந்துகூட உள்ளே விடவில்லை. அடுத்த வாரம் கடிதம் வரும் என்று வீட்டுக்கு வெள்ளையடித்தான். கடிதம் வரவில்லை. பிறகு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தான், கப்பல் துறையில் மூட்டை தூக்கினான், கடைசியில் பஞ்சர் கடை.

"அவன் இல்ல ஸயா. நான்தான்" என்றேன்.

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "அவன் அனுப்பினானா ஒன்னை?"

"இல்ல."

"அவன் பேரைக் கழுவ நீ வந்திருக்கே. ஒனக்கும் அவனுக்கும் ரொம்ப சினேகம். எனக்குத் தெரியாதா?"

அத்தானைப் பற்றிச் சொன்னேன். பூட்ஸைச் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். நான் பொய் சொல்கிறேன் என்றே நின்றார். என் குற்றத்தை நிரூபிக்க நானே வழக்காட வேண்டியிருந்தது. கடைசியில் கேட்டேன்: "மூணு கோலும் எங்கேர்ந்து விழுந்துச்சு ஸயா?"

"பெட்டிக்கு வலது ஓரம். ரெண்டு பய அங்கயே நின்னான்."

"பந்து அங்கதான் விழும்னு யார்ட்ட சொன்னீங்க?"

"ஒங்கிட்ட."

"அவன்கிட்ட?"

"சொல்லல. பயந்துருவான்னு..." என்றவர் நிறுத்தினார். உதடு மட்டும் அசைந்தது. "தமிழ்லதானே சொன்னேன்" என்றார்.

பட்டறைப் பக்கம் ஒரு எஞ்சின் ஊதியது. அவர் கையை முழங்காலில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். பந்தைச் சந்தேகப்பட்டார், குடிதண்ணீரைச் சந்தேகப்பட்டார், கோல் கம்பத்தைச் சந்தேகப்பட்டார். அந்த ஒரு இடத்தில் மட்டும் அவர் குடை கொண்டு அளக்கவில்லை.

என்னை அடிப்பார், வெளியே போ என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் எழுந்து, ஆணியில் தொங்கிய வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். பொத்தானை மாற்றிப் போட்டு, அவிழ்த்து, மறுபடி போட்டார்.

"அவன் வீடு எங்க?"

"ஸயா, இன்னொரு நாள்..."

"எங்கன்னு கேட்டேன்."

ரயிலில் எனக்கு எதிரே உட்கார்ந்து வந்தார். கூடை வைத்த பெண்கள் ஏறினார்கள், இறங்கினார்கள். நான் இறங்கி ஓடிவிடலாமா என்று ஒவ்வொரு நிலையத்திலும் நினைத்தேன். அவர் வழி தெரியாமல் போய்விடுவார் என்ற ஒரே காரணத்தால் இருந்தேன்.

கோ வின் டியூப் ஒன்றைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிப் பிடித்து ஓட்டை தேடிக்கொண்டிருந்தான். ஸயாவைக் கண்டதும் முகம் கறுத்தது. ஆனாலும் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டான். அவர் உட்காரவில்லை.

"உன்னைப் பத்திக் கேட்டு எனக்கு ஒரு கடிதம் வந்தது. இலாகா டீமிலேர்ந்து" என்று பர்மியில் சொன்னார். "நான் தப்பா எழுதினேன். அதனாலேதான் உனக்குக் கிடைக்கலை."

"எந்தக் கடிதம்?" என்றான் கோ வின். அப்படி ஒரு கடிதம் இருந்ததே அவனுக்குத் தெரியாது. "ஏன் அப்படி எழுதினீங்க?"

ஸயா என்னைப் பார்க்கவில்லை. தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். சொல்வதற்கு எனக்கு இடம் விட்டிருக்கிறார் என்று புரிந்தது.

சொன்னேன். நின்றுகொண்டே, முழுவதும்.

கோ வின் மறுபடி குந்தி உட்கார்ந்து டியூபைத் தண்ணீருக்குள் அமுக்கினான். ஒரு சுற்று முழுக்கத் திருப்பினான். பிறகு தலை நிமிராமலே கேட்டான்.

"உனக்கு எப்போ தெரிஞ்சுது?"

"முதல் கோல்லயே."

"இடைவேளைக்கு முன்னாலே."

"ஆமா."

"அப்போ இடைவேளையிலே ஸயாகிட்டே சொல்லியிருக்கலாம். நான் வேற மாதிரித் தட்டியிருப்பேன்."

இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை நானே எனக்குப் போட்டுக்கொண்டதில்லை என்பதுதான் ஆச்சரியம். அத்தானிடம் உளறியதை மட்டுமே குற்றமாக வைத்திருந்தேன். அது வாய்தவறல் என்று பாதி மன்னித்தும் வைத்திருந்தேன். இடைவேளையில் பானைத் தண்ணீர் குடித்துக்கொண்டு, விரலை ஊதிக்கொண்டிருந்த அவன் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்த அந்தப் பத்து நிமிஷம் என் கணக்கிலேயே இல்லை.

கோ வின் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே பார்த்து மகளைக் கூப்பிட்டு, கடையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னான். "வாங்க ஸயா, ரயிலுக்கு நேரமாச்சு" என்று அவர் முழங்கையைப் பிடித்தான். இருவரும் தெருவில் இறங்கி நடந்தார்கள். அந்தப் பெண் என்னைப் பார்த்து, "மாமா, உக்காருங்களேன்" என்றாள். உட்காரவில்லை.

அரைப் பக்கத்துக்குப் பதிலாக இரண்டு பக்கம் எழுதி டாக்டரிடம் கொடுத்தேன். மேலேயிருந்து வந்த ஆள், புதுச் சட்டை, கூச்சலைத் தன் தலையில் வாங்கிக்கொண்டது, அந்த ஒரு வரிக் கடிதம், நான் செய்தது எல்லாம் எழுதியிருந்தேன். அவர் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நல்ல மனசு உனக்கு. அந்த ஆளைக் காப்பாத்த உன் பேரைக் கெடுத்துக்கறியே" என்றார். "இதை யாரும் நம்ப மாட்டாங்க. பழைய விஷயத்தை எதுக்குக் கிளறணும்?"

மலரில் ஸயாவுக்கு நான்கு வரி வந்தது. இரண்டு வருஷம் பணியாற்றினார், கண்டிப்பானவர், மைதானத்தை முன்கூட்டியே பார்வையிடுவார், வெற்றி குறைவு.

அதற்குப் பிறகு கோ வின் என்னிடம் பேசவில்லை. தெருவில் பார்த்தால் தலை அசைப்பான், அவ்வளவுதான். ஸயாவின் கண்ணுக்கு அறுவைச் சிகிச்சை நடந்தபோது ஆஸ்பத்திரியில் கூட இருந்தது அவன்தான் என்று அவன் மகள் சொன்னாள். இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் இன்சீன் போய் அவரை அழைத்து வருகிறானாம். ரயில் பாதைக்குப் பக்கத்து மைதானத்தில் பையன்கள் ஆடுவதை இருவரும் பார்க்கிறார்களாம்.

ஒரு ஞாயிறு நானும் போனேன். சிமெண்டுப் படியில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நான் மறுகோடியில் உட்கார்ந்தேன். ஆட்டம் நடக்கும்போதே ஸயா அவன் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். அவன் சிரித்தான். பிறகு இருவரும் ஒரே சமயத்தில் என் பக்கம் பார்த்தார்கள். என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நினைத்தேன். எனக்குப் பின்னால் பந்து வந்து விழுந்திருந்தது, அதைத்தான் பார்த்தார்கள் என்று அப்புறம் தெரிந்தது. அப்போதும் முழுசாக நம்பிக்கை வரவில்லை.

ஆட்டம் முடிந்ததும் கோ வின் அவர் கையைப் பிடித்து வாய்க்காலைத் தாண்ட வைத்தான். இருவரும் திரும்பிப் பார்க்காமல் ரயில் நிலையத்தை நோக்கி நடந்தார்கள்.

அடுத்த ஞாயிறும் போனேன்.